விடியற்காலையிலுமா நெரிசல்?

“லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல சார். ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, அறுபது காட்டும்” என்று சொல்லிவிட்டுக் கேபிள்காரர் வண்டியைக் கிளப்பினார். போட்டுப் பார்த்தேன். 60 எம்பிபிஎஸ்தான். ஆனால் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் இருக்கும் என் மைத்துனர், காவேரிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்த அந்த வாரம் முழுக்க, வெளிநாட்டு பையருக்கு வீடியோ காலில் தோல் மாதிரியைக் காட்டப் படாத பாடு பட்டார். சாயம் டேனா, காக்னாக்கா என்று அந்த ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். திரையில் தெரிந்ததோ கட்டம் கட்டமாக ஒரு மண் நிறம். ஜன்னலோரம் போனார், தோலை வெயிலில் பிடித்தார், மடித்தார், விரித்தார். கடைசியில் கூரியரில் அனுப்பினார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் லேப்டாப்பில் விபிஎன் போட்டுக் கொடுத்தான். உள்ளே போவது என்னவென்று வழியில் இருப்பவருக்குத் தெரியாதபடி மூடி அனுப்பும் வேலை அது. அதே லைன், அதே கால். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

இதைச் சொன்னபோது கேபிள்காரர் கோபப்படவில்லை. “எல்லாரும் வீடியோ பாக்கறாங்க சார். கம்பெனி கொஞ்சம் புடிச்சு விட்டாத்தான் எல்லாருக்கும் கிடைக்கும். நம்ம ஏரி மதகு மாதிரிதான்” என்றார். இது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. டெல்லியில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் கோட் போட்டுக்கொண்டு பேசுவதை அவர் லுங்கியில் சொன்னார், அவ்வளவுதான்.

ஏரியை இழுத்ததால் ஏரியிலிருந்தே தொடங்குகிறேன். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி, மதகு மதகாகப் பிரித்து விடுகிற ஏற்பாடு. மதகைத் திறக்கிறவர் முறை வைத்துத்தான் விடுகிறார். தண்ணீர் இல்லாதபோது குறைத்துத்தான் விடுகிறார். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் அவர் பார்ப்பது நிலத்தின் அளவையும் முறையையும். மடையில் வந்து நின்று, “நீ கரும்பா போட்டிருக்கே? கரும்பை என் மாமனார் ஆலைக்கு அனுப்புறியா, வேற ஆலைக்கா?” என்று கேட்டு வாய்க்காலை அடைப்பதில்லை. தண்ணீர் குறைந்த ஆண்டில் “நெல் வைக்காதீங்க” என்று சொல்வதுண்டு, மறுக்கவில்லை. அது நாற்று விடுவதற்கு முன்னால், ஆயக்கட்டுக்காரர்களைக் கூட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொல்வது. நட்ட பிறகு ராத்திரியில் அடைத்துவிட்டு “மதகுல ஒண்ணும் கோளாறு இல்ல” என்பதில்லை. கேபிள்காரர் கொடுத்த உவமை நல்ல உவமைதான். அவர் பக்கம் மட்டும் பேச மாட்டேன் என்கிறது.

இனி, நெரிசல். இணையத்தில் நெரிசல் உண்மை. மாலை 7 மணிக்குத் தெருவே ஒரே இழையில் தொங்குகிறது. ஆனால் நெரிசலைச் சமாளிக்க, போவது வீடியோவா, வாட்ஸ்அப்பா என்று பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 1988இல் வான் ஜேக்கப்சன் வகுத்த முறையிலிருந்தே, வழியில் பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வீடியோ தளங்களும் லைன் தளர்ந்தால் படத்தின் தரத்தைத் தாமே இறக்கிக்கொள்கின்றன. 2020 மார்ச் ஊரடங்கில் நாடே வீட்டிலிருந்தபோது, பெரிய வீடியோ நிறுவனங்கள் கூடி முடிவெடுத்து, அதை வெளிப்படையாக அறிவித்து, மொபைலில் தரத்தைக் குறைத்துக் கொடுத்தன. அந்த நெருக்கடியிலும் ரகசியம் தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கதை இன்னும் சுவையானது. 2007இல் ராப் டோபோல்ஸ்கி என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து, பழங்காலத்து நால்வர் குழுப் பாட்டுகளை பிட்டோரெண்ட் வழியாகப் பகிர்ந்துகொண்டிருந்தார். திருட்டுப் படம் இல்லை, தாத்தா காலத்துப் பாட்டு. அது மட்டும் போகவே இல்லை. தோண்டிப் பார்த்தால், காம்காஸ்ட் நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் நடுவே புகுந்து, “பேச்சு முடிந்தது” என்று மற்றவர் குரலில் பொய்ச் செய்தி அனுப்பி இணைப்பை அறுத்துக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளை அனுப்பிச் சோதித்தது, பைபிளும் போகவில்லை. முதலில் மறுத்த காம்காஸ்ட், பிறகு நெரிசல் மேலாண்மை என்றது. நெரிசல் இல்லாத நேரத்திலும் இடத்திலும்கூட இது நடந்தது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 2008 ஆகஸ்டில் கண்டது. அந்த உத்தரவு, ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2010இல் நீதிமன்றத்தில் விழுந்தது வேறு விஷயம். எனக்கு முக்கியம் இடையில் நடந்தது. 2008 முடிவதற்குள் காம்காஸ்டே வேறு முறைக்கு மாறிவிட்டது: அந்தப் பகுதியில் உண்மையில் நெரிசல் வந்தால் மட்டும், அந்த நேரத்தில் மிக அதிகமாக இழுக்கும் சந்தாதாரரைச் சிறிது நேரம் பின்னுக்குத் தள்ளுவது. அவர் என்ன இழுக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆக, நெரிசலைக் காரணம் சொன்னவர்களே, உள்ளே பார்க்காமல் அதைச் சமாளித்துக் காட்டியாயிற்று.

நெரிசல் என்றால் அதற்கு நேரம் காலம் இருக்க வேண்டும். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டேவிட் சாஃப்னெஸ் குழு “வெஹி” என்ற செயலியை வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் போன்களில் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் வீடியோவைக் குறைத்தது இரவு பகல் பாராமல். நானும் ஒரு நாள் அலாரம் வைத்து 4 மணிக்கு எழுந்து பார்த்தேன். பால்காரர்கூட வரவில்லை. வீடியோ கால் அதே மண் நிறம்தான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விபிஎன்னில் ஓடுகிறது என்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. விபிஎன் வேறு பாதையில் போகும். பழைய பாதையில் எங்கோ ஒரு சந்தி அடைத்திருக்கலாம். ஆகவே வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டேன். ஆனால் “ஸ்பீடு டெஸ்ட் 60 காட்டுகிறது” என்பதும் நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகாது. வீடியோவை அடையாளம் காணத் தெரிந்த பெட்டிக்கு, ஸ்பீடு டெஸ்ட் தளத்தை அடையாளம் காணவும் தெரியும்.

“வீடியோ கம்பெனிகள் எங்கள் கம்பியில் ஓசிப் பயணம் போகின்றன” என்பது அடுத்த வாதம். ஓசி யார்? மாதாமாதம் பணம் கட்டுவது நான். வீடியோ தானாக என் வீட்டுக்குள் வந்து விழவில்லை, நான் கேட்டு வாங்குகிறேன். போதாததற்கு நெட்ஃப்ளிக்ஸும் கூகுளும் தங்கள் சேமிப்புக் கணினிகளை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே இலவசமாக வைத்துத் தருகின்றன. அங்கே ஒரு படத்தை ஒரு முறை இறக்கினால் ஆயிரம் வீட்டுக்கு அங்கிருந்தே போகும். அனுப்புகிறவரிடமும் வசூலிக்கத் தொடங்கிய தென் கொரியாவில் என்ன ஆயிற்று? மற்ற நாடுகளைவிடக் கட்டணம் பத்து மடங்கு என்று சொல்லி, ட்விட்ச் 2024 பிப்ரவரி 27இல் கடையைக் கட்டியது.

“இந்தியாவில்தான் சட்டம் இருக்கிறதே, இங்கே எப்படி நடக்கும்?” படித்தவர்கள் சொல்வது இது. சட்டம் இருக்கிறது, அதுவும் சும்மா வரவில்லை. 2014 டிசம்பரில் இணையவழி அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பில் பின்வாங்கியது. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் குவிந்தது. 2016 பிப்ரவரி 8இல் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் கூடாது என்ற ஒழுங்குமுறை. 2018இல் உரிமத்திலேயே நிபந்தனை: தடுக்காதே, தரம் குறைக்காதே, மெதுவாக்காதே, யாருக்கும் தனி வேகம் கொடுக்காதே. நெரிசல் மேலாண்மைக்கு விலக்கு உண்டு; அளவோடும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருந்தால். 2020 ஜூலையில் ஏர்டெல்லின் பிளாட்டினம், வோடஃபோன் ஐடியாவின் ரெட்எக்ஸ் ஆகிய முன்னுரிமைத் திட்டங்களை டிராய் நிறுத்திவைக்கச் சொன்னது. ஒருவருக்கு முன்னுரிமை என்றால் இன்னொருவருக்குப் பின்னுரிமைதானே என்ற சந்தேகம்.

ரெட்எக்ஸ் விளம்பரத்தில் வந்ததால் மாட்டியது. விளம்பரம் செய்யாமல் நடப்பதை யார் பார்ப்பது? எடைக்கல்லுக்கு முத்திரை குத்த ஆள் இருக்கிறார், பெட்ரோல் பங்க்கில் அளவு பார்க்க ஐந்து லிட்டர் கேன் இருக்கிறது. இன்னின்ன செயலிக்கு இன்னின்ன வேகம் என்று அளந்து தர என் தெருவில் எதுவும் இல்லை. கண்காணிக்கப் பல தரப்பார் சேர்ந்த ஓர் அமைப்பு வேண்டும் என்று 2020 செப்டம்பரில் டிராயே பரிந்துரைத்தது, தேவையில்லாமலா?

“கம்பெனி தேவையான அளவுக்குத்தான் செய்யும்” என்று நம்பச் சொல்கிறவர்கள் 2012ஐ நினைத்துப் பார்க்கலாம். ‘3’ படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களையே முழுசாக மூடின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் விளக்க வேண்டி வந்தது.

“பிடிக்கலைன்னா மாறிக்கங்க.” எங்கள் தெருவுக்கு வருவது இரண்டே கம்பி. அடுத்தவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால்தானே மாறுவது?

புகார் கொடுத்தேன். “உங்கள் இணைப்பின் வேகம் திட்டப்படி உள்ளது, புகார் முடிக்கப்பட்டது” என்று எஸ்எம்எஸ். டிராய் தனிநபர் புகாரை வாங்காது; நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்குத்தான் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் வேகத்தைப் பற்றி எழுதவில்லை. ஒரே கேள்வி: எந்த நேரத்தில், எந்தப் போக்குவரத்தை, எவ்வளவு குறைக்கிறீர்கள்? பதில் சொல்ல அவர்களுக்கு 39 நாள். இன்று 11ஆம் நாள். மைத்துனர் அடுத்த சாம்பிளையும் கூரியரில்தான் அனுப்பியிருக்கிறார்.