ஓட ஆசைப்பட்டது மகன்

1977-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்டில் ஐந்து மைல் ஓட்டம் ஒன்று நடந்தது. விபத்தில் உடல் செயலிழந்த ஓர் இளம் விளையாட்டு வீரருக்கு நிதி திரட்டுவதற்காக நடந்த ஓட்டம் அது. தானும் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று கேட்டான் 15 வயது ரிக் ஹாய்ட். பிறக்கும்போதே தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, மூளை முடக்குவாதத்துக்கு ஆளானவன். கைகால் வசப்படாது, பேச்சும் வராது. தலையசைவில் இயங்கும் கணினிதான் அவன் குரல்.

அப்பா டிக் அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நெடுந்தூரம் ஓடிப் பழகியவரும் அல்ல. மகனின் சக்கர நாற்காலியைத் தள்ளியபடி மூச்சிரைக்க ஓடி, கடைசி ஆளுக்கு ஒரு படி முன்னால் முடித்தார். ஓடும்போது தன் ஊனமே தெரியவில்லை என்று ரிக் அன்று கணினியில் எழுதினான்.

அந்த ஒரு வாக்கியம் டிக்கை விடவில்லை. ரிக் பள்ளிக்குப் போன நேரங்களில் நாற்காலியில் சிமெண்ட் மூட்டையை வைத்துத் தள்ளிப் பயிற்சி எடுத்தார். பாஸ்டன் மாரத்தானில் முறைப்படி சேர, ரிக்கின் வயதுப் பிரிவுக்கான தகுதி நேரத்தைக் காட்டச் சொன்னார்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்கான அந்த வேகத்தை, நாற்காலியையும் தள்ளிக்கொண்டு, 1983-இல் டிக் எட்டினார். மாரத்தானில் இருவரின் சிறந்த நேரம் 2 மணி 40 நிமிடம் 47 வினாடி.

இதை அப்பாவின் தியாகக் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாக ஓடினால் இன்னும் வேகமாக ஓடலாமே என்று கேட்டவர்களிடம் டிக் மறுத்துவிட்டார். மகன் இல்லாமல் ஓட அவருக்குக் காரணமே இல்லை. ஆசை ரிக்குடையது, கால்கள் டிக்குடையவை.

அம்மா ஜூடியை மறப்பது இன்னும் பெரிய அநியாயம். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிடுங்கள் என்றார்கள் மருத்துவர்கள். பெற்றோர் கேட்கவில்லை. ஜூடி வீட்டிலேயே எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். சேர்க்க மறுத்த பள்ளியோடு போராடினார். 1975-இல் பொதுப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1993-இல் ரிக் பாஸ்டன் பல்கலைக்கழகப் பட்டதாரி. ஓட வேண்டும் என்று கேட்கும் துணிச்சல் இந்த வளர்ப்பில் வந்தது என்றே நினைக்கிறேன்.

அப்பாவும் மகனும் பாஸ்டனில் சேர்ந்து ஓடிய 32-ஆவது மாரத்தான் 2014-இல். டிக்குக்கு அப்போது 73 வயது. அதோடு அவர் பாஸ்டன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். ரிக் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு பிரையன் லயன்ஸ் என்ற பல் மருத்துவர் நாற்காலியைத் தள்ள, மறுபடியும் பாஸ்டன் சாலையில் இருந்தார்.