ஓடுற ஓட்டம் யாருக்காவது உதவட்டுமே!

சென்னையில் குளிர்காலமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே இந்த ஊர் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்ளும். மஃப்ளர், ஸ்வெட்டர், கையில் ஆவி பறக்கும் ஃபில்டர் காபி! வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் வியர்வையில் ஊறும் ஜனங்களுக்கு, உடம்பை அசைக்க இயற்கை கொடுத்த தள்ளுபடி சீசன் மார்கழி, தை, மாசி மூன்றும்தான். அந்தத் தள்ளுபடியை ஊர் எப்படிச் செலவு செய்கிறது?

பாதிப் பேர் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறார்கள். மீதிப் பேர் புத்தாண்டு சபதம் எடுத்து ஜிம்மில் சந்தா கட்டுகிறார்கள். பொங்கல் வரைக்கும் டம்பெல்லுக்கு வரிசை. தைப்பூசத்துக்குள் கூட்டம் பாதி. மாசி பிறந்தால் ஜிம்காரரும் மின்விசிறியும்தான் பாக்கி. ஜிம்காரருக்கு இதில் துளிகூட வருத்தம் கிடையாது. பணம் கட்டிய எல்லாரும் தினமும் வந்து நின்றால் அவருக்கு இடம் போதாதே!

இது சும்மா கிண்டல் இல்லை, கணக்கு இருக்கிறது. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் அமெரிக்காவின் பெரிய பொருளாதார இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது' என்ற மாதிரிதான். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் செலவு. அதே ஜிம்மில், பத்து தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் செய்தார்கள். 'அடுத்த மாதம் நிச்சயம் தினமும் போவேன்' என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது. பி.காம் பாடத்தில் வரும் ஸங்க் காஸ்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

ஏன் போகவில்லை? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது பாதி பதில்தான். அங்கே யாரும் காத்திருக்கவில்லை என்பது மீதிப் பாதி. ட்ரெட்மில்லில் ஒருவர் இன்று ஓடினாலும் ஓடாவிட்டாலும் உலகத்தில் ஓர் இலைகூட அசையப்போவதில்லை. ட்ரெட்மில் என்றதும் ஒரு விஷயம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் 1818-ல் வில்லியம் கியூபிட் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காகச் செய்த மிதிசக்கரம். சில சிறைகளிலாவது அது தானியம் அரைத்தது, தண்ணீர் இறைத்தது. பல சிறைகளில் எதையுமே அரைக்கவில்லை, வெறுமனே சுற்றியது. மனிதனை உடைக்க அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. கொடுமை என்று 1898-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்று அதே பெயருள்ள எந்திரத்தில் ஏ.சி. போட்டு, பாட்டுப் போட்டு, கட்டணமும் வாங்குகிறார்கள். இது எப்படி இருக்கு?

வீட்டில் அம்மாக்கள் இதை ஆய்வெல்லாம் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். "ஏன்டா, கேஸ் சிலிண்டரை அடுப்படி வரைக்கும் நகத்துடான்னா முதுகு வலிங்கிற. அங்க போயி அறுபது கிலோ தூக்குறியாமே?" "அது வேறம்மா, அது ஒர்க்-அவுட்டும்மா." அந்த 'வேற' என்ற வார்த்தையில்தான் கோளாறு முழுக்க இருக்கிறது. யாருக்காவது பயன்பட்டால் அது வேலை, யாருக்கும் பயன்படாவிட்டால்தான் உடற்பயிற்சி! இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள்?

லண்டனில் இதை உடைத்துக் காட்டினார்கள். 2000-களின் இறுதியில் ஐவோ கோர்ம்லி என்பவர் கிழக்கு லண்டனில் தொடங்கிய அமைப்பு குட்ஜிம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில் கூட்டமாக ஓடுவார்கள். எங்கே? ஒரு பூங்காவில் மண் அள்ள, ஓர் உணவு வங்கியில் மூட்டை அடுக்க. முடித்துவிட்டு ஓடியே திரும்புவார்கள். தனியாக வாழும் முதியவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஓடிப்போய், கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஓடி வருவதும் உண்டு. அந்த முதியவருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோச்'. அவர் ஓட்டப் பயிற்சி எதுவும் தருவதில்லை. வாசலைப் பார்த்துக் காத்திருப்பார், அவ்வளவுதான். மழையானாலும் பனியானாலும் ஷூவை மாட்ட வைக்க அது போதும்.

லண்டன் கதை லண்டனோடு. சென்னைக்கு இது புதுச் சரக்கே இல்லை. குட்ஜிம் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னாலேயே, 1988-ல், சென்னை மாணவர்கள் தொடங்கியது கடலாமை நடை. எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனும் நடந்துகொண்டிருக்கிறது. 1970-களிலேயே ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் இந்தக் கடற்கரையில் ஆமை தேடி நடந்தார்கள். பிறகு சில வருடம் வனத்துறை பொரிப்பகம் நடத்தியது. அது நின்றபோது கையில் எடுத்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். சம்பளம் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது.

செய்தித்தாள்கள் ஆலிவ் ரிட்லி என்று எழுதும் ஆமையை ஊர் பங்குனி ஆமை என்றுதான் சொல்லும். ஜனவரியிலிருந்து பங்குனி வரை ராத்திரியில் கரையேறி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையை நாய் தோண்டும். நாய்க்குத் தப்பி ஐம்பது நாள் போலக் கழித்துப் பொரிந்தாலும், குஞ்சுகள் கடல் வெளிச்சம் என்று நினைத்துத் தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்துபோய்ச் சாகும். அதனால்தான் நடுராத்திரி வாக்கில் நீலாங்கரையில் கிளம்பி, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரைக்கும் ஏழு கிலோமீட்டர் போல ஈர மணலில் நடை. டிராக்டர் சக்கரம் போனது மாதிரித் தடம் தெரிந்தால், தடத்தைப் பிடித்துப் போய்க் கூட்டைக் கண்டுபிடித்து, கையாலேயே மணலைத் தோண்டி, முட்டைகளை எண்ணி எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். முடியும்போது விடிந்தே விடும்.

கலோரிக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஏழு கிலோமீட்டர் மணல் நடையை எந்த ட்ரெட்மில்லுக்கு எதிரில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். நடுவில் குனிந்து தோண்டுவது இலவச இணைப்பு :-)

இங்கேதான் ஒரு கோஷ்டி கிளம்பி வரும். "உடம்பு குறைக்கத்தானே போறாங்க, இதுல என்ன சேவை? சுயநலம்!" என்பார்கள். இவர்களுக்குச் சேவை என்றால் முகம் வாடியிருக்க வேண்டும், பலன் ஒன்றும் வரக் கூடாது. ஆமை முட்டைக்கு இதெல்லாம் தெரியுமா? தோண்டி எடுத்த கை தொப்பை குறைக்க வந்த கையா, புண்ணியம் தேடி வந்த கையா என்று பார்த்தா முட்டை பொரிகிறது? டபுள் என்ட்ரியில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு எழுதியே ஆக வேண்டும். ஒரே நடையில் நடந்தவருக்கும் வரவு, கரைக்கும் வரவு என்றால் அதில் மோசடி எங்கே வந்தது? சொல்லப்போனால் சுத்தமான தியாக உள்ளம் கொண்டவர்கள் மூன்றாவது வாரமே காணாமல் போகிறார்கள். தனக்கும் ஏதோ கிடைக்கிறது என்று வருகிறவர்தான் மார்ச்சிலும் வருகிறார்.

உண்மையிலேயே திட்ட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஸ்வீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016-ல் தொடங்கி வைத்தது பிளாக்கிங், அதாவது ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவது. 2019 அக்டோபர் 12-ல் பிரதமர் மோடி மாமல்லபுரம் கடற்கரையில் குப்பை பொறுக்கியதும் தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் அந்த வார்த்தை தெரிந்துபோனது. அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்க்க வேண்டுமே! ஒரே நிற டி-ஷர்ட், ஸ்பான்சர் பேனர், புதுக் கையுறை, ஆளுக்கு இரண்டு காலி பாட்டில், குரூப் போட்டோ, பொங்கல் வடை. வடை சாப்பிட்ட தட்டு மணலிலேயே கிடக்கும். உடம்புக்கும் ஒன்றுமில்லை, கரைக்கும் ஒன்றுமில்லை.

நாட்டு நலப்பணித் திட்டமும் பல கல்லூரிகளில் இந்தக் கதிக்குத்தான் வந்து நிற்கிறது. 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நல்ல திட்டம். வருடத்துக்கு 120 மணி நேரம் உழைப்பு என்று விதி. அந்த 120 மணி நேரம் பதிவேட்டில் நிறைகிற அளவுக்கு உள்ளங்கை காய்ப்பதில்லை. மரம் நட போன வருடம் தோண்டிய அதே குழியை இந்த வருடமும் தோண்டுவது பல ஊர்களில் பழைய ஜோக்.

இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. குப்பை அள்ளுவது மாநகராட்சியின் வேலை, அதை இலவசமாகச் செய்தால் அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளாதா? தூய்மைப் பணியாளருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சம் பிடிக்க வழி காட்டின மாதிரி ஆகாதா? ஆகும். காணும் பொங்கல் மறுநாள் மெரினாவில் மலை மாதிரிக் கிடக்கும் குப்பையை அள்ளுகிறவர்களுக்கு ஜிம் தேவையில்லை, ஒழுங்கான சம்பளமும் நிரந்தர வேலையும் தேவை. ஆகவே வேலையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையில் போய் விளையாட்டுக்கு உட்காரக் கூடாது. யாருக்குமே சம்பளம் கொடுத்து நியமிக்காத, ஆனால் தினமும் யாராவது கால் கடுக்க நடந்தே ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. ஆமைத் தடம் பார்ப்பது அதில் ஒன்று.

பறவை எண்ணுவது இன்னொன்று. ராத்திரி நடை எல்லாருக்கும் முடியாதுதான். பல பெண்கள் விடுதிகளில் பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், பையன்கள் விடுதிக்கு மட்டும் பூட்டே கிடையாது (இந்த அநியாயத்தைத் தனியாகவே திட்ட வேண்டும்). அவர்களுக்குப் பகல் வேலை இருக்கிறது. 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏரிக்கரை, வயல், மொட்டை மாடி எங்கே வேண்டுமானாலும் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து எண்ணிப் பதிவு செய்யலாம். விடியலில் ஓர் ஏரியைச் சுற்றி வந்தால் நாலைந்து கிலோமீட்டர் தானாக நடந்துவிடும். வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் குளிர்காலத்தில்தான் இங்கே இருக்கும், வைகாசியில் வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை.

"நடந்து என்ன ஆயிடப் போவுது?" என்ற விரக்திப் பேச்சுக்கும் 2025 பதில் வைத்திருக்கிறது. அந்த ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவலையில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். முட்டையிடும் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை விசைப்படகு வரக் கூடாது என்று விதி இருக்கிறது, விதி ஏட்டில் இருக்கிறது. நடக்கிறவர்களால் அந்தப் படகுகளை நிறுத்த முடியாதுதான். ஆனால் இத்தனை செத்தன என்ற எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? ராத்திரி ராத்திரி நடந்து ஒவ்வொரு உடலையும் பார்த்துக் குறித்தவர்களிடமிருந்து வந்தது. அது செய்தியாகி, பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. யாரும் நடக்காத கரையில் ஆயிரம் ஆமை செத்தாலும் கணக்கில் பூஜ்யம்தான்.

மீனவர்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் படித்த பிள்ளைகள் நல்ல பேர் வாங்குவதும் வேண்டாம். 2002-ல் தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன், குப்பத்து இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக வைத்துத்தான் வேலை செய்கிறது. கடலைத் தெரிந்தவர்கள் அவர்கள். கூட நடக்கும்போது வாயை மூடிக் கேட்டுக்கொண்டாலே ஒரு செமஸ்டருக்கான விஷயம் கிடைக்கும்.

போக நினைப்பவர்களுக்குக் கடைசியாகச் சில தகவல்கள். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தன்னிச்சையாகப் போய் முட்டையைத் தொட்டால் வழக்கு பாயும். அனுமதி பெற்ற அமைப்புகளோடு மட்டும்தான் போக வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் ஃப்ளாஷ் கூடவே கூடாது, ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கத்தக் கூடாது. ஏப்ரல் தேர்வுக்கு முன்னால் வார இறுதிகள் நிறையவே இருக்கின்றன. ஒரு தண்ணீர் பாட்டில் போதும், அதைக் காலியானதும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.