டீசல்தான் லாபமா? 1.4 என்ற எண்ணைக் கேட்டுப் பாருங்கள்

காம்பார் வட்டாரத்தில் பழைய ‘ஃபோர்வீல்’ வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் அறிவுரை, “டீசலையே பாருங்கள்” என்பதுதான். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை, பழைய ஈயக் குட்டைகளை ஒட்டிய மணல் வழி, தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வளைவுகள் என்று எல்லாவற்றுக்கும் டீசல்தான் தாங்கும் என்பது இங்கே எழுதப்படாத விதி. 2024 ஜூன் 10ஆம் தேதி அந்த விதி ஆட்டம் கண்டது. தீபகற்ப மலேசியாவில் 2.15 ரிங்கிட்டுக்கு விற்ற ஒரு லிட்டர் டீசல், அன்று 3.35 ரிங்கிட் ஆனது. முதல் நாள் லாபமாகத் தெரிந்த வண்டி, மறுநாள் வீட்டுச் செலவைக் கடித்தது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. விலைப்பலகையில் இருப்பது அரசின் முடிவு. எரிபொருளின் குணம் வேறு. முடிவு மாறும், குணம் மாறாது. பத்து ஆண்டுகள் ஓட்டப்போகும் வண்டியை இன்றைய விலையை மட்டும் பார்த்து வாங்குவது, இன்று மழை இல்லை என்பதற்காகக் கூரையில்லாத வீட்டை வாங்குவது போன்றது.

மாறாத கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, பெட்ரோலில் 32, எல்பிஜியில் 25. லிட்டருக்கு லிட்டர் டீசல் கனமானது, அதனால் ஆற்றலும் கூடுதல். அதோடு, டீசல் இயந்திரம் காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த அழுத்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்வதால் ஸ்பார்க் பிளக் தேவையில்லை. பெட்ரோல் இயந்திரத்தில் இந்த அழுத்தம் பெரும்பாலும் 9 முதல் 11 மடங்குதான். அழுத்தம் கூடினால் அதே ஆற்றலிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், டீசல் வண்டி 10 லிட்டரில் ஓடும் தூரத்தை, ஏறக்குறைய அதே எடையுள்ள பெட்ரோல் வண்டி 14 லிட்டரில் ஓடும். வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், 1.4 என்பது கையில் வைத்துக்கொள்ளத்தக்க எண்.

பெட்ரோல் விலையை 1.4ஆல் பெருக்குங்கள். வரும் தொகையைவிட டீசல் மலிவாக இருந்தால் டீசல் லாபம். கூடுதலாக இருந்தால் பெட்ரோல் லாபம். 2024 ஜூன் தொடக்கத்தில் ரோன்95 பெட்ரோல் 2.05 ரிங்கிட். பெருக்கினால் 2.87. டீசல் 2.15தான், ஆகவே டீசலுக்கே வெற்றி. ஜூன் 10 அன்று 3.35 ஆனதும் வெற்றி பெட்ரோலுக்கு மாறியது.

2025 செப்டம்பர் 30இல் புடி95 வந்தபோது கணக்கு மீண்டும் அசைந்தது. மைகாட்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99 ரிங்கிட், அதற்கு மேல் அப்போதைய சந்தை விலை 2.60. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 140 லிட்டர் போதும் என்பதால், அவருடைய எல்லைக்கோடு 2.79. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் குத்தகைக்காரருக்கு 420 லிட்டர் வேண்டும். முந்நூற்றைத் தாண்டிய 120 லிட்டரை முழு விலைக்கு வாங்க வேண்டியிருப்பதால் அவருடைய எல்லைக்கோடு 3.03க்கு ஏறுகிறது. ஒரே ஊர், ஒரே வண்டி, ஒரே பம்ப். ஆனாலும் இருவருக்கும் விடை வேறு.

இதில் புடி மடானி உதவித்தொகையையும் சேர்க்க வேண்டும். 2024இல் அறிவிக்கப்பட்டபடி, தகுதியுள்ள டீசல் வண்டி உரிமையாளருக்கு மாதம் 200 ரிங்கிட். குறைவாக ஓட்டுபவருக்கு இது பெரிய தொகை: மாதம் 100 லிட்டர் மட்டும் போடுபவருக்கு லிட்டருக்கு 2 ரிங்கிட் குறைந்ததற்குச் சமம். 300 லிட்டர் போடுபவருக்கோ 67 சென்தான். ஆகவே தகுதி உண்டா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அதே வேளையில், இதுவும் விலைப்பலகையைப் போல மாறக்கூடிய முடிவுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி கேஸ். பெட்ரோல் ஃபோர்வீலை வாங்கி எல்பிஜிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அறிவியல் இதற்குத் தடை சொல்லவில்லை. எல்பிஜியின் ஆக்டேன் எண் 100க்கு மேல், புகையும் குறைவு. சென்னையில் ஆட்டோக்கள் பல இதில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே வண்டிக்கு எல்பிஜி நிரப்பும் நிலையங்கள் இருக்கின்றன. இங்கே அப்படியொரு வலையமைப்பு இல்லை. இல்லாத இடத்தில் கண் எங்கே போகிறது? சமையலறைத் தோம்புக்கு. 14 கிலோ தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26.60 ரிங்கிட். அதிலுள்ள ஆற்றல் சுமார் 20 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அதாவது பெட்ரோல் லிட்டர் 1.33 ரிங்கிட்டுக்குக் கிடைத்த மாதிரி. ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

அந்த ஆசை உயிருக்கே உலை வைக்கும். வண்டிக்கான எல்பிஜி கலன் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாமல் தானே நின்றுவிடும். மோதினாலும் பெயராதபடி சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். குழாய் அறுந்தால் வால்வு மூடிக்கொள்ளும். சமையல் தோம்பு அடுப்பருகே அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் மேலே கலைந்து போகாமல் வண்டிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கும். ஒரு பொறி போதும். அதோடு, அந்த மானியம் அடுப்புக்காகக் கொடுக்கப்படுவது. டீசல் வண்டிக்கோ எல்பிஜி இன்னும் பொருந்தாது. வெறும் அழுத்தச் சூட்டில் அது ஒழுங்காகப் பற்றாது.

கேஸை நம்பியவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. என்ஜிவி எனப்படும் இயற்கை எரிவாயு வேறு, எல்பிஜி வேறு. ஆனால் பாடம் ஒன்றே. கலன்களின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள் என்ற நிலையில், 2025 ஜூலை 1 முதல் வாகனங்களுக்கான என்ஜிவி பயன்பாடு நிறுத்தப்பட்டது. நிரப்பும் நிலையம் மூடிவிட்டால், எவ்வளவு நல்ல எரிபொருளாக இருந்தாலும் கலன் வெறும் இரும்புப் பாரம்தான். பம்ப் வரும் வரை எல்பிஜி நமக்குத் தெரிவே இல்லை என்பது என் கருத்து.

எஞ்சுவது டீசலும் பெட்ரோலும். மாதம் 1,000 கிலோமீட்டர் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். பழைய விலையில் டீசலுக்கு 215 ரிங்கிட், பெட்ரோலுக்கு 287. டீசலால் 72 ரிங்கிட் மிச்சம். 3.35 ஆனபோது டீசலுக்கு 335. இப்போது 48 ரிங்கிட் நட்டம். இவ்வளவு கூச்சலும் மாதம் ஐம்பது, எழுபது ரிங்கிட்டுக்குத்தான். பழைய வண்டியில் டர்போவோ இன்ஜெக்டரோ போனால், பல மாத மிச்சத்தை ஒரே பட்டறை ரசீது விழுங்கிவிடும். ஆகவே குறைவாக ஓட்டுபவர் எரிபொருளைவிட இயந்திரத்தின் உடல்நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? வண்டியைக் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சூடான டீசல் இயந்திரம் தன் நோயை மறைத்துவிடும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. விடாத கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது. நம் டீசலில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனை மெத்தில் எஸ்டர் கலக்கப்படுகிறது. அது பழைய தொட்டியில் படிந்த கசடைக் கரைக்கும், ஈரத்தையும் இழுக்கும். பல காலம் ஓடாமல் நின்ற டீசல் வண்டி என்றால் ஃபில்டரை மாற்றி, தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிட வேண்டும்.

பணத்தில் வராத கணக்கும் ஒன்று உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. கரியமில வாயுவில் பெட்ரோல்தான் கூடுதல் குற்றவாளி: 14 லிட்டர் பெட்ரோல் சுமார் 32 கிலோ, 10 லிட்டர் டீசல் சுமார் 27 கிலோ வெளிவிடும். ஆனால் பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பழைய டீசல் வண்டியின் கரித்தூள், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது.

என் முடிவு இது. பாரம் ஏற்றி நாள்தோறும் மேடுபள்ளத்தில் உழைக்கும் வண்டிக்கு டீசலே சரி. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை கிடைப்பதால்தான் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களின் பழைய லேண்ட் ரோவர்கள் பலவும் டீசலில் உழைக்கின்றன. வாரநாளில் கடை, பள்ளி, வார இறுதியில் ஒரு மலைப்பயணம் என்றால், நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் ஃபோர்வீலைத் தேடுங்கள். ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகள் இந்நாட்டில் இரண்டு வகையிலும் விற்கப்பட்டிருக்கின்றன. டீசல் அல்ல என்பதற்காக யாரும் கழித்துவிட்ட வண்டி, உங்களுக்குப் பேரம் பேச வசதியான வண்டி.

விற்பவரிடம் போகும் முன் ஒரு தாளில் இரண்டே எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் பாரத்தோடு எத்தனை. டீசலா பெட்ரோலா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தத் தாளிலேயே இருக்கும்.