பச்சை இலை சாட்சியல்ல

யுத்தமும் மண்சரிவும் அணைக்கட்டும் மலையக மக்களைப் பலமுறை இடம்பெயர்த்துள்ளன. புதிய காணி கிடைத்ததும் அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். செடி கொடி செழித்திருந்தால் நல்ல மண் என்கிறோம். மண்ணின் சத்தை அறிய இந்த அளவுகோல் ஓரளவு உதவும். நஞ்சை அறிய உதவாது.

தேயிலையையே எடுத்துக்கொள்வோம். மலையகத்தின் புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியம் பல பயிர்களின் வேரைக் குன்றச் செய்யும். தேயிலையோ அதை உறிஞ்சி, முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு செழிக்கிறது. கொழுந்தில் அது மிகக் குறைவு. ஆகவே தேயிலை நன்றாக நின்ற காணியில் போஞ்சியும் நன்றாக வரும் என்று நம்பிவிட முடியாது.

பாஷாணம் என்று நாம் அறிந்த ஆசனிக்கையும் செடிகள் ஓரளவு தாங்குகின்றன. அதன் ஒரு வடிவம் பொஸ்பேட்டை ஒத்தது. வேர் ஏமாந்து, பொஸ்பேட் நுழையும் வழியிலேயே அதை உள்ளே விடுகிறது. உள்ளே வந்த நஞ்சைச் செடி கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகளால் கட்டி, கலத்தினுள் ஒதுக்கிப் பூட்டி வைக்கிறது. தாங்கும் அளவுக்கு மிஞ்சினால்தான் இலை மஞ்சளாகி வளர்ச்சி குன்றும். அதுவரை பச்சைதான். அமெரிக்காவின் புளோரிடாவில் மரத்துக்கு ஏற்றிய மருந்தால் கெட்ட நிலத்தில் ஒரு பன்னச் செடி செழித்து வளர்ந்து, ஆசனிக்கைத் தன் இலைகளில் குவித்து வைத்திருந்ததை ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தனர்.

நீர் தேங்கிய வயலில் ஆசனிக் வேறு வடிவெடுத்து, சிலிக்கன் செல்லும் வழியாக நெல்லில் ஏறுகிறது. ஒரு பங்கு அரிசிக்கும் வருகிறது. வங்காளதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் ஆசனிக் கலந்த குழாய்க்கிணற்று நீர் பாய்ச்சிய வயல்களில் இது நடந்தது.

மலையக மண்ணில் ஆசனிக் நிறைந்துள்ளது என்று நாம் கூற வரவில்லை. சோதிக்காமல் உண்டு என்றோ இல்லை என்றோ எவரும் கூறலாகாது என்பதே எமது நிலைப்பாடு. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களில் ஒருகாலத்தில் ஆசனிக் கலந்த களைகொல்லியே தெளிக்கப்பட்டது. தெளித்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர். தோட்டக் காணி எங்கும் மருந்து அடித்த காணியே.

எனவே 7 பேர்ச், 10 பேர்ச் என்று அளந்து கொடுப்பவர்கள், மண்ணையும் குடிநீரையும் சோதித்த அறிக்கையைக் காணி உறுதியுடன் சேர்த்துத் தர வேண்டும். தலவாக்கலையில் தேயிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. தேயிலைச் செடிக்காக மண்ணைச் சோதிக்கும் நாட்டில், அந்த மண்ணில் குடியேறும் குடும்பத்துக்காக ஏன் சோதிக்கக்கூடாது?

அதுவரை நாமும் சிலவற்றைச் செய்யலாம். மருந்து ஸ்டோரும் மருந்து கலக்கிய இடமும் எங்கே இருந்தன என்று, மருந்து அடித்த பெரியவர்களிடம் கேட்டறிவோம். அங்கே காய்கறி நட வேண்டாம். செடி ஆசனிக்கைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்துவதால் கரட், முள்ளங்கியைக் கழுவித் தோல் சீவுவோம். நல்ல நீரை நிறைய விட்டுச் சோறு வடித்தால் அரிசியிலுள்ள ஆசனிக் குறையும். ஆனால் நீரைக் கொதிக்க வைப்பதால் அதிலுள்ள ஆசனிக் போகாது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பீலித் தண்ணீரோ கிணற்று நீரோ, அதில் எவ்வளவு இருக்கிறது என்று எழுத்தில் கேட்பது எமது உரிமை. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே அந்தக் கடிதத்தை எழுதுவோம்.