முதலில் சாம்பல் நிற்கட்டும்

பழவேற்காட்டு ஏரியில் கழுத்தளவு நீரில் அமிழ்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு, அந்தச் சேற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது ஜீவாதாரமான கேள்வி. பக்கிங்ஹாம் கால்வாயால் இந்த ஏரியோடு இணைந்திருக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்கள் ஒழுகியதால் நிலக்கரிச் சாம்பல் பல்லாண்டுகளாகப் படிந்துவந்தது யாவரும் அறிந்ததே. அத்தகைய சாம்பலில் பாதரசம், ஈயம் ஆகியவற்றோடு ஆர்சனிக் என்னும் பாஷாணமும் இருப்பது சகஜம்.

இதற்கு நுண்ணுயிர்களின் நொதிகளே பரிகாரம் என்று உற்சாகமாகச் சொல்கிறவர்கள் உண்டு. 1918-இல் தென்னாப்பிரிக்காவில், மாட்டுண்ணியைக் கொல்ல ஆர்சனிக் கலந்து வைத்த தொட்டி நீரிலேயே க்ரீன் என்பவர் கண்டெடுத்த பாக்டீரியா, கொடிய ஆர்சனைட்டை விஷம் குறைந்த ஆர்சனேட்டாக மாற்றியது. மாலிப்டினமும் இரும்பும் கொண்ட ஒரு நொதியே அந்த வேலையைச் செய்கிறது. ஆர்சனேட் இரும்புத் துருவில் எளிதில் ஒட்டிக்கொள்வதால், குடிநீரை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் கொண்டுவர இம்முறை பெரிதும் உபகாரமாகும்.

ஆயினும் ஆர்சனிக் ஒரு தனிமம். எந்த நொதியும் அதை உருமாற்றுமேயன்றி அழிக்காது. காற்றுப் புகாத சேற்றிலோ, வேறு பாக்டீரியாக்கள் அதைப் பழைய வடிவத்துக்கே திருப்பிவிடும். தொட்டியில் பலித்த வித்தை, உப்பும் ஓதமும் புரளும் ஏரியிலும் அப்படியே பலிக்கும் என்று நம்புவது பேதைமை. ஒழுகும் குழாய்களைச் செப்பனிட்டு, படிந்த சாம்பலை அகற்றி, சேற்றையும் மீனையும் இறாலையும் பரிசோதித்த முடிவுகளைத் தமிழில் ஒவ்வொரு குப்பத்திலும் ஒட்டிவைப்பதே அரசாங்கத்தின் முதற்கடமை; நொதிகளுக்கு அதன் பிறகே இடம்.