குடும்பக் கணக்கு: மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு

திண்டுக்கல் நாகல்நகர் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். நூல் வியாபாரத்தில் நொடித்துப்போன கணவர் மஞ்சள் கடுதாசி கொடுத்து, கோர்ட்டும் 'இன்சால்வென்ட்' என்று உத்தரவு போட்டுவிட்டதாம். "பாத்திரம் பண்டத்தையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களா அக்கா?" என்கிறார்.

மாட்டார்கள், அம்மா. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு, சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, உங்கள் கழுத்துத் தாலி இவற்றை ஜப்தி செய்ய விடாது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அவர் கடன் உங்கள் கடனும் அல்ல.

எனக்குப் பயமெல்லாம் மளிகைக் கடை நோட்டைப் பற்றித்தான்! 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டப்படி, பழைய கடன்களிலிருந்து கோர்ட் விடுவிக்கும் முன்பு, தன் நிலையைச் சொல்லாமல் அவர் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், ஆறு மாதம் வரை ஜெயில். (ஐம்பது ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ துவரம்பருப்பாவது வருமா? சட்டம் மட்டும் மாறவில்லை.) அதனால் அவர் பெயரில் ஓடும் பற்றுக் கணக்கை இன்றே நிறுத்துங்கள். கையில் உள்ளதற்கு அன்றாடம் வாங்குங்கள். ரேஷன் அரிசி இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று. விடுதலை மனுவுக்குக் கோர்ட் கெடு வைத்திருக்கும். அந்தத் தேதியை வக்கீலிடம் கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். தவறவிட்டால் உத்தரவே ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள்.