பாரி ஹாரிஸின் முதன்மைப் படைப்பு

ஜாஸ் பியானோ கலைஞர் பாரி ஹாரிஸ் 2021 டிசம்பர் 8 அன்று, 92-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்த நிலையில், கொரோனா தொற்றின் பாதிப்பால் நியூ ஜெர்சியில் காலமானார். ஜாஸ் வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் அவர் பெயர் பிறருடைய இசைத்தட்டுகளின் ஓரத்தில்தான் வரும். ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கனின் புகழ்பெற்ற ‘தி சைட்வைண்டர்’ தட்டில் பியானோ வாசித்தவர், சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸின் இறுதிக் காலத்தில் அவருக்குத் துணைநின்றவர், பியானோ கலைஞர் பட் பவலும் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் வகுத்த பீபாப் என்ற ஜாஸ் பாணியைக் கடைசிவரை கைவிடாதவர் என்று சொல்லிவிட்டு, முடிவில் நல்லாசிரியர் என்றும் ஒரு வரி சேர்ப்பார்கள். இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் நடத்திய வகுப்புகளே அவருடைய முதன்மையான இசைப்படைப்பு. இசைத்தட்டுகள் அதன் ஒரு பகுதி. அவரை இப்படிப் பார்க்க மறுப்பதால், மனோதர்ம இசை தலைமுறை தாண்டி எப்படி உயிர்வாழ்கிறது என்பதையே நாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

இந்தத் தவறுக்கு ஒரு காரணம், இருபதாம் நூற்றாண்டு நமக்குப் பழக்கிய அளவுகோல். எத்தனை தட்டு வெளிவந்தது, எந்த நிறுவனம் வெளியிட்டது, எவ்வளவு விற்றது என்று எண்ணுவது எளிது. எழுதிவைக்கப்பட்ட இசைக்கு அந்த எண்ணிக்கை ஓரளவு பொருந்தலாம். மேடையிலேயே பிறந்து மேடையிலேயே முடியும் இசைக்கு அது பொருந்தாது. ராக ஆலாபனையையும் கல்பனாஸ்வரத்தையும் கேட்டு வளர்ந்த தமிழ் ரசிகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு கச்சேரியின் பதிவில் இருப்பது அந்த ஓர் இரவின் விளைவு மட்டும். மறுநாள் வேறொன்றைப் பாடவைக்கும் ஆற்றல் பாடகரிடம்தான் இருக்கிறது. அந்த ஆற்றலே கலைஞரின் உண்மையான உடைமை என்றால், அதைப் பிரித்து, விளக்கி, இன்னொருவர் கைவிரலுக்குள் இறக்கிவைக்கும் வேலையைத் துணைத்தொழில் என்று எப்படிச் சொல்வது?

ஹாரிஸ் 1929-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். தேவாலயத்தில் பியானோ வாசித்த தாயிடம் நான்கு வயதில் பாடம் தொடங்கினார். மோட்டார் தொழிற்சாலைகளில் வேலை தேடி அமெரிக்காவின் தெற்குப் பகுதியிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களின் நகரம் அது. தரமான இசைக்கல்வி தந்த அரசுப் பள்ளிகளும், இரவில் அந்த இசைக்கு மேடை தந்த விடுதிகளும் அங்கே இருந்தன. டாமி ஃப்ளானகன், கென்னி பரல், டொனால்ட் பைர்ட், பால் சேம்பர்ஸ், எல்வின் ஜோன்ஸ் என்று ஒரே நகரம் ஒரே காலத்தில் இத்தனை ஜாஸ் கலைஞர்களைத் தந்தது தற்செயல் அல்ல. அந்தச் சூழலில் ஹாரிஸின் வீடு ஒரு பள்ளியாக இயங்கியது. சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் மெக்பெர்சனும் ட்ரம்பெட் கலைஞர் லானி ஹில்லியரும் பதின்ம வயதில் அங்கே போய்க் கற்றவர்கள். ஒருநாள் மெக்பெர்சனின் பள்ளி மதிப்பெண் அட்டையைப் பார்த்த ஹாரிஸ், இப்படிச் சராசரி மாணவனாக இருந்தால் இந்த இசையை வாசிக்க முடியாது என்று சொன்னதாகவும், அதன் பிறகே தான் புத்தகங்களின் பக்கம் திரும்பியதாகவும் மெக்பெர்சன் நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹாரிஸ் தம் பெயரில் முதல் தட்டைப் பதிவுசெய்தது 1958-இல். சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் சேர்ந்து டெட்ராய்ட்டை விட்டுக் கிளம்பியது 1960-இல். அதற்கெல்லாம் முன்பே அவர் ஆசிரியர். வாய்ப்புக் குறைந்ததால் பாடம் சொல்லித்தர வந்தவர் என்ற எண்ணத்துக்கு இந்தக் காலவரிசை இடம் தரவில்லை.

அவர் எதைச் சொல்லித்தந்தார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படைப்பு அங்கேதான் இருக்கிறது. மேற்கத்திய இசையின் மேஜர் வரிசை நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள். அதில் பஞ்சமத்துக்கும் சதுச்ருதி தைவதத்துக்கும் நடுவே சுத்த தைவதத்தையும் சேர்த்து எட்டுச் சுரம் ஆக்கினார். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால், ஒரு பக்கம் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதியுள்ள ‘கார்ட்’ (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) ஆகின்றன. மறுபக்கம் ரிஷபம், மத்யமம், சுத்த தைவதம், நிஷாதம் சேர்ந்து இழுவிசை கொண்ட இன்னொரு கார்ட் ஆகின்றன. ஆக, இந்த வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நிம்மதியும் இழுப்பும் மாறி மாறி வரும். பொதுவாகப் பியானோ மாணவர்கள் ஒரு கார்டை ஓரிடத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருப்பார்கள். ஹாரிஸின் கையில் ஒரே கார்டுக்குள்ளேயே எட்டு இடங்களில் நடமாட்டம் வந்துவிட்டது. இதோடு சேர்த்து அவர் காட்டிய இன்னொரு கணக்கு என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பன்னிரண்டு சுரங்களைச் சம இடைவெளியில் நான்கு நான்காகப் பிரித்தால் மூன்றே மூன்று டிமினிஷ்ட் கார்டுகள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சுரத்தை அரைச்சுரம் இறக்கினால், ஜாஸ் பாடல்களை முன்னகர்த்தும் டாமினண்ட் கார்ட் ஒன்று பிறக்கும். மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. மனப்பாடம் செய்யவேண்டிய நீண்ட பட்டியல் ஒரு குடும்ப மரமாகிவிடுகிறது. இவற்றை ஒரே முறையாகக் கோத்தது ஒரு கலைஞர் பல்லாண்டு பியானோ முன் அமர்ந்து செய்த வேலை. ஒரு புதிய பாடலை எழுதுவதைவிட இது எந்த விதத்தில் குறைந்த படைப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

தாளத்திலும் இதே கூர்மை. ஒரு தாளத் தட்டுக்கு இரண்டு சுரம் என்ற வேகத்தில் ஏழு சுர வரிசையில் இறங்கினால், அடுத்த சட்ஜம் தட்டில் விழாமல் நடு இடைவெளியில் விழும். வாக்கியம் தள்ளாடும். உரிய இடத்தில் ஓர் அரைச்சுரத்தைச் சேர்த்தால் எட்டாகிவிடும், சட்ஜம் தட்டில் வந்து உட்காரும். சார்லி பார்க்கர் இதை உள்ளுணர்வால் செய்தார் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். எந்தச் சுரத்தில் தொடங்கினால் எத்தனை அரைச்சுரம், எங்கே சேர்ப்பது என்று ஹாரிஸ் விதியாகவே சொன்னார். எழுதிக்கொடுத்ததைவிட வாயால் பாடிக்காட்டியதே அதிகம். அவர் ஒரு வாக்கியம் பாடுவார், மாணவர்கள் திருப்பி வாசிப்பார்கள். அதன் வாலைப் பிடித்து அடுத்த வாக்கியத்தை அங்கேயே கட்டுவார். பியானோவைச் சுற்றித் தொழில்முறைக் கலைஞரும் முதல்முறை வந்தவரும் சேர்ந்தே நிற்பார்கள். பாடகர்களுக்குத் தனி நேரம் இருக்கும். வகுப்பு தொடங்கும்போது முடிவு எதுவென்று அவருக்கே தெரியாது. மேடையில் நடந்தால் நாம் எதை மனோதர்மம் என்போமோ அதுதான் அங்கே நடந்தது.

இதற்கென்றே ஓர் இடத்தையும் உருவாக்கினார். 1982-இல் நண்பர்களுடன் சேர்ந்து நியூயார்க்கின் எட்டாம் அவென்யூவில் ‘ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர்’ என்ற அரங்கைத் திறந்தார். கச்சேரியும் வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடந்த அந்த இடம் ஐந்தாண்டுகளே நீடித்து 1987-இல் மூடப்பட்டது. அரங்கு மூடப்பட்டதும் பாடம் நிற்கவில்லை. நியூயார்க்கில் வாடகை இடங்களில் வாரந்தோறும் தொடர்ந்தது. நெதர்லாந்தின் ஹேக் நகர இசைக்கல்லூரி முதல் பல நாடுகளுக்குப் போனது. பெருந்தொற்றுக் காலத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டியவர் கணினித் திரை வழியாக வகுப்பெடுத்தார். அமெரிக்க அரசின் கலைக்கான தேசிய அறக்கட்டளை 1989-இல் அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது அளித்தது. அந்த மரியாதை போதாது என்று சொல்லவில்லை. எதற்காக அவரை மதிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும் என்கிறேன்.

ஹாரிஸ் ஒரே காலத்தில் உறைந்துபோனவர் என்பதே அவர்மீது வைக்கப்படும் வலுவான விமர்சனம். 1940-களின் பீபாப்போடு அவருடைய உலகம் நின்றுவிட்டது, அதற்குப் பின் வந்த கட்டற்ற ஜாஸையும் மின்னணுக் கருவிகளோடு கலந்த ஜாஸையும் அவர் ஏற்கவில்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கட்டற்ற ஜாஸின் முன்னோடி ஆர்நெட் கோல்மனின் வழியில் போக விரும்பும் மாணவர் அந்த வழியை வேறிடத்தில்தான் கற்க வேண்டியிருந்தது, அது ஒரு குறைதான். ஆனால் அவருடைய மாணவர்கள் உறைந்துபோகவில்லை. மெக்பெர்சனும் ஹில்லியரும் 1960-களின் தொடக்கத்திலேயே பாஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் குழுவில் இடம்பெற்றார்கள். மிங்கஸ் பழைய பாணியைப் பாதுகாக்க ஆள் தேடியவர் அல்ல. டெட்ராய்ட்டில் ஹாரிஸிடம் கற்ற சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹெண்டர்சன் பின்னர் போன தூரம் இன்னும் அதிகம். ஓர் ஆசிரியரின் ரசனை குறுகியதாக இருந்தும் அவர் தரும் கருவி அகலமாக இருக்கலாம். அந்த எட்டுச் சுர வரிசையோ மூன்று டிமினிஷ்ட் கார்டுகளின் குடும்ப மரமோ பீபாப்புக்கு மட்டும் சொந்தமல்ல. எந்தப் பாணியிலும் அவை வேலை செய்யும். பாக்கும் ஷோபினும் உட்கார்ந்த இடத்தில் இசையை உருவாக்க வல்லவர்கள், பீபாப் அவர்களின் தொடர்ச்சி என்று அவர் வகுப்பில் வலியுறுத்தியதும் இந்த அகலத்தால்தான்.

விதிகள் கற்பனையைக் கொன்றுவிடும், எல்லோரும் ஒரேபோல் வாசிப்பார்கள் என்பது இன்னொரு விமர்சனம். இதற்குப் பதில் ஹாரிஸுக்கு முன்பே இருக்கிறது. பார்வையற்ற பியானோ கலைஞர் லெனி ட்ரிஸ்டானோ 1940-களிலேயே நியூயார்க்கில் மனோதர்மத்தை முறையாகக் கற்பித்தவர். அவரிடம் மிகக் கடுமையான பயிற்சி பெற்ற சாக்ஸபோன் கலைஞர்கள் லீ கோனிட்ஸும் வார்ன் மார்ஷும் ஒருவரைப் போல் மற்றவர் ஒலித்ததில்லை. அச்சில் வார்த்ததுபோல் ஒலிக்கவைக்கும் கல்வி எங்கோ இருக்கிறது என்றால், அது கல்லூரிகளில் பரவிய வேறொரு முறையில் இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு தனி வரிசை, கார்ட் மாறும்போது வரிசையையும் மாற்று என்கிறது அந்த முறை. தேர்வு வைப்பதற்கும் மதிப்பெண் போடுவதற்கும் அது வசதி. ஹாரிஸ் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். கார்டுக்கு ஒரு வரிசை என்று தாவிக்கொண்டே இருப்பவரால் ஒரு முழு வாக்கியத்தைச் சிந்திக்க முடியாது. இரண்டு கார்டுகளாக எழுதப்பட்டதை ஒரே இழுப்பாகக் கருதி அதன் மேல் நீண்ட வாக்கியம் சொல் என்பதே அவர் பாடம்.

இவ்வளவு நேரத்தைப் பாடத்தில் செலவழிக்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நல்ல தட்டுகள் கிடைத்திருக்கும் என்ற ஆதங்கத்தைப் புரிந்துகொள்கிறேன். ஜாஸ் இசையமைப்பாளர் டாட் டாமரனின் பாடல்களை மட்டும் கொண்டு 1975-இல் அவர் பதிவுசெய்த தட்டைக் கேட்பவருக்கு அந்த ஆதங்கம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் தட்டில் இடதுகையும் வலதுகையும் கார்டுகளை ஓயாமல் நகர்த்திக்கொண்டே போவது, அவர் மாணவர்களோடு சேர்ந்து தேடிய அதே நடமாட்டம். வகுப்பைக் கழித்துவிட்டால் அந்த வாசிப்பும் மிஞ்சாது. எனவே இப்போது செய்யவேண்டியது ஆவணவேலை. இசைத்தட்டுகளுக்கு நாள், இடம், உடன் வாசித்தவர், எத்தனையாவது முயற்சி என்று துல்லியமாகப் பட்டியல் போட ஜாஸ் உலகம் கற்றுக்கொண்டிருக்கிறது. ஹாரிஸின் வகுப்புகள் ஹேக்கிலும் நியூயார்க்கிலும் பிற ஊர்களிலும் ஒலியாகவும் காட்சியாகவும் ஏராளமாகப் பதிவாகியுள்ளன. அவற்றையும் அதே துல்லியத்தோடு, எந்தப் பாடல் எடுக்கப்பட்டது, எந்த வாக்கியம் அங்கே பிறந்தது, எந்த விதி எப்போது மாறியது என்று நூலகங்களும் இசைக்கல்லூரிகளும் வரிசைப்படுத்த வேண்டும். அவரிடம் நேரில் கற்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பதிவுகளில் கேட்கும் பாதி விஷயத்தை விளக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.